பொன்வாசலில் நுழைந்த பணம்

உத்தண்டராயர் ஆண்ட நாட்டில் யானையும் இருந்தது, இணையமும் இருந்தது. ரெண்டும் எப்படி ஒரே காலத்தில் என்று என்னைக் கேட்காதீர்கள். கதை கேட்க உட்கார்ந்தவர்கள் கதையைக் கேளுங்கள்.

அந்த ஊரில் செண்பகவல்லி என்று ஒருத்தி பொருள்விளங்கா உருண்டை பிடித்து விற்றாள். கடித்தால் பல் போகும், வாயில் ஊறவிட்டுச் சப்பினால் சொர்க்கம். சொந்தமாக ஒரு வெப்சைட் திறந்தாள். கடல் தாண்டியெல்லாம் ஆர்டர் வந்தது. ஜனங்கள் போனில் கட்டுகிற பணத்தை வாங்கி அவள் கணக்கில் போட ஒரு கம்பெனி வேண்டுமே? மற்ற கம்பெனிகள் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கட்டணம் கேட்டன. 'பொன்வாசல்' என்கிற கம்பெனி ஒரே ஒரு ரூபாய்தான் கேட்டது. மகராசி அதில் போய்ச் சேர்ந்தாள்.

தீபாவளி நெருங்கும்போது சபையில் வந்து நின்றாள்.

"மகாராஜா, வாங்கினவங்க எல்லாரும் பணம் கட்டிட்டாங்க. என் கைக்குத்தான் வரலை. பொன்வாசல்ல எப்பக் கேட்டாலும் பரிசீலனையில இருக்குங்கறாங்க. வெல்லக் கடைக்காரர் இனிமே கடன் கிடையாதுன்னுட்டார். தீபாவளி ஆர்டரை அனுப்பலைன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்."

ராஜாவுக்குப் பகீரென்றது. சாப்பிட்டு முடித்ததும் அந்த உருண்டை ஒன்று வாயில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பிரதானி ஏகாம்பரம் எழுந்தார். பொன்வாசலை நடத்துகிறவர் வேறு யாருமில்லை, அவருடைய மைத்துனர் கனகசபைதான். நாட்டில் வெப்சைட் வைத்திருக்கிற கடைகள் எல்லாம் பொன்வாசலில்தான் சேர வேண்டும் என்று ஓர் ஆணையை வேறு எழுதி, ராஜமுத்திரைக்காகக் கையில் வைத்திருந்தார் மனிதர்.

"பிரபு, திருட்டுப் பணம் புழங்கிவிடக் கூடாது என்றுதான் இந்த விதி. பணத்தை வெளியே விடுவதற்கு முன்னால் முகவரிச் சான்று, புகைப்படம் எல்லாம் சரிபார்க்க வேண்டாமா? யோக்கியமானவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்?"

"அதுவும் நியாயமாகத்தான் படுகிறது" என்று ராஜா இழுத்தார். "மருதையா, நீ என்ன சொல்கிறாய்?"

ராஜாவைச் சிரிக்க வைப்பதும் அவ்வப்போது முழிக்க வைப்பதும்தான் மருதையனுக்கு அந்தச் சபையில் உத்தியோகம்.

"பிரதானி சொல்வது ரொம்பச் சரி, மகாராஜா. நாளைக்கு மைத்துனரையே வரவழைத்துக் கௌரவம் செய்து, அவர் முன்னாலேயே முத்திரை போடுங்கள். ஒரே ஒரு ஆசை எனக்கு. இவ்வளவு நல்ல விதியை நாமும் அனுபவிக்க வேண்டாமா? நாளை ஒரு நாள் நம் கோட்டை வாசலிலும் பொன்வாசலின் விதியே நடக்கட்டும்."

"எங்களுக்குப் பெருமைதான்" என்றார் ஏகாம்பரம். ராஜாவும் சரியென்றார்.

மறுநாள் காலை கனகசபை பல்லக்கில் வந்து இறங்கினார். கோட்டைக் கதவு தானாகவே திறந்தது. யார் என்ன என்று ஒரு கேள்வி கிடையாது. மேளம் என்ன, மாலை என்ன, தலைவாழை இலையில் விருந்து என்ன! பட்டுச் சால்வையும் போர்த்தினார்கள். "மாலையில் நல்ல நேரம் பார்த்து முத்திரை போடுவோம்" என்றான் மருதையன்.

"அப்படியானால் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன். பெண்ணைப் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்" என்று கனகசபை கிளம்பினார்.

வாசலில் காவலாளி பூவராகன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"முகவரிச் சான்று இருக்குங்களா?"

"என்னப்பா விளையாடுகிறாயா? காலையில் நீதானே என்னை உள்ளே விட்டாய்?"

"உள்ளே விடறதுக்கு விதி ஒண்ணும் கிடையாதுங்க. வெளியே விடறதுக்குத்தான்."

முகவரி சொன்னார். கதவு எண் இல்லை என்று தள்ளுபடி. போனில் இருந்த புகைப்படத்தைக் காட்டினார். அதில் தலைப்பாகை இருக்கிறது, ஆகாது. பிரதானியையே கூட்டி வந்து, "இவர் என் மைத்துனர்தான்" என்று சொல்ல வைத்தார். சொந்தக்காரர் சாட்சி செல்லாது. கடைசியில் பூவராகன் கும்பிட்டு, "உங்க விண்ணப்பம் பரிசீலனையில இருக்குதுங்க. பொறுமைக்கு நன்றி" என்றான்.

"எத்தனை நாள் ஆகும்?"

"அதைக் கேட்கறதுக்குத் தனியா ஒரு விண்ணப்பம் போடணுங்க."

வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார் கனகசபை. "பிரபு, சம்பந்தி வந்து உட்கார்ந்திருப்பார். மானம் போகிறது. என்னை வெளியே விடச் சொல்லுங்கள்."

"யோக்கியமானவர்களுக்கு என்ன கஷ்டம் என்று பிரதானி சொன்னாரே" என்றான் மருதையன். "உங்கள் வாசலில் உருண்டைக்காரி பணமும் இப்படித்தான் மேளதாளத்தோடு உள்ளே போனது. இன்னும் வெளியே வரவில்லை. அதுவரை அதற்கு வருகிற வட்டி யாருக்கு?"

கனகசபை போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். தூணோரம் நின்றிருந்த செண்பகவல்லியின் போன் டிங் என்றது. பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முழுசா வந்திருச்சு மகாராஜா" என்றவள், வெல்லக் கடைக்கு ஓடியே போய்விட்டாள்.

"ஒரு தட்டுக்குத்தானா இத்தனை நாள் பரிசீலனை?" என்று ராஜா ஆணையை நாலாகக் கிழித்தார். "அவரவர் கடைக்கு அவரவர் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கட்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது, மருதையா?"

"முதலில் பத்து ரூபாய் போட்டு, திருப்பி எடுத்துப் பார்க்கணும், மகாராஜா. வாங்கும்போது எல்லாருமே இனிக்க இனிக்கத்தான் பேசுவார்கள்."

கனகசபை வாசலுக்கு ஓடினார். மருதையனும் கூடவே வந்தான்.

"இப்போது போகலாம் ஐயா. கட்டணம் மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நூற்றுக்கு ஒன்றுதான். ஆனால் உங்களை நூறு பங்கு போட முடியாதே? அதனால் சால்வையையும் தலைப்பாகையையும் வைத்துவிட்டுப் போங்கள்."

மொட்டைத் தலையோடு கனகசபை சம்பந்தியைப் பார்க்க ஓடினதைக் கண்டு ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சால்வை மருதையனுக்கே பரிசானது.

அன்று சபை கலைந்தது. பிரதானி ஏகாம்பரம் வீட்டுக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தார். பூவராகன் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அவரே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவு எண்ணைச் சொன்னார்.