தன் பின்னலைத் தானே அறியாதவள்

ஜெர்மானா சிஸ்டர் கன்னியர் மடத்தை விட்டு வந்து, ஆயரின் அனுமதியோடு, ஆற்றங்கரையில் சிலுவை நட்ட சிறு குருசடியை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாக இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. விசேந்தம்மாள் அவரைவிட நன்றாக மூத்தவள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அங்கே போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வாள். மனசில் கிடப்பதைக் கேட்பாள். சிஸ்டர் சில நேரம் பதில் சொல்வார். சில நேரம் முற்றத்தைப் பெருக்கச் சொல்வார். எதைச் சொன்னாலும் விசேந்தம்மாளுக்குச் சரிதான்.

அவளுக்குப் பேசுவதற்கு வேறு ஆள் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. சேர்ந்து உட்கார்ந்து லேஸ் பின்னிய பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விட்டார்கள். சிலர் முந்திரி ஆலைக்கு. சிலர் துபாயில் பிள்ளை சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு. விசேந்தம்மாளின் வீட்டில் அவளும், வைக்கோல் திணித்த தலையணையும், அதில் குத்திய குண்டூசிகளும், நூல் சுற்றிய மரக்குச்சிகளும் மிச்சம். சாயங்காலங்களில் குச்சிகள் ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம் மட்டும் வெளியே கேட்கும்.

அவள் பின்னுவதை வாங்கி விற்றவன் ஜஸ்டஸ். குளச்சல் சாலையில் கடை வைத்திருந்தான். ஒருநாள் அவள் கொண்டுபோன லேஸ் பொட்டலத்தை அவன் பிரிக்கவே இல்லை.

"சின்னம்மா, இதைப் பாருங்கோ" என்று மேசைமேல் ஒரு லேஸை விரித்தான்.

அவளுடைய பூதான். நடுவில் மல்லாந்த பூ, அதைச் சுற்றி ஒரு கொடி, கொடியின் நுனியில் விரியாத மொட்டு. யாரிடமும் கற்றதல்ல. அவளே யோசித்துப் போட்டது.

"இது நான் பின்னினதுல்லா?"

"இல்லை. உங்க துண்டு ஒண்ணை வடக்கே ஒரு மில்லுக்கு மாதிரிக்கு அனுப்பினேன். சுருள் சுருளா அடிச்சு அனுப்பிட்டான். நீங்க மாசம் முழுக்கப் பின்னுறதை, சாயா குடிச்சு முடிக்கதுக்குள்ளே அடிச்சிரும் அந்த மெஷின்."

"எனக்கிட்டே ஒரு வார்த்தை கேட்கலையே மக்கா."

ஜஸ்டஸ் மேசையைப் பார்த்தான். கெட்டவன் அல்ல.

"கேட்டா நீங்க சம்மதிச்சிருக்க மாட்டீங்க. உங்க விலைக்கு வாங்க இப்போ ஆளில்லை சின்னம்மா. கடையை மூடவேண்டியதுதான்." மில் லேஸை மடித்து வைத்தான். "ஒண்ணு செய்யுங்கோ. இங்கே வந்து உக்காந்து பின்னுங்கோ. சம்பளம் தாறேன். நீங்க பின்னுறதையும் இதுகூடவே போட்டு விப்போம்."

அவள் போனாள். கண்ணாடிக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி அவளுக்கு நாற்காலி போட்டிருந்தது. கன்னியாகுமரி பார்க்க வந்தவர்கள் வண்டியை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். பிறகு உள்ளே வந்து மில் லேஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். எது யார் செய்தது என்று அவர்கள் கேட்கவில்லை. ஜஸ்டஸும் சொல்லவில்லை. அவள் ஒன்றைப் பின்னி முடித்தால், அதையும் அதே போன்ற கவரில் போட்டு அதே பெட்டியில் வைத்தான்.

அந்தப் பெட்டியில் என்னுடையதும் கிடக்கிறது என்ற நினைப்பிலேயே அவள் நாட்களைக் கழித்தாள்.

ஒருநாள் ஜெயசீலி என்று ஒருத்தி வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி. அவளுடைய மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அந்தச் சடங்கில் போடும் முக்காட்டின் ஓரத்தில் வைத்துத் தைக்க லேஸ் வேண்டும்.

"மெஷின் லேஸ் வேண்டாம். இந்த அம்மா கையாலே பின்னினது ஒண்ணு தாருங்கோ. என்ன விலையானாலும் சரி."

ஜஸ்டஸ் பெட்டியைத் தூக்கி விசேந்தம்மாளின் முன்னால் வைத்தான். "சின்னம்மா, உங்களுக்க கை உங்களுக்குத் தெரியாதா? நீங்களே எடுத்துக் குடுங்கோ."

அவளுக்கு அன்று முகம் மலர்ந்துவிட்டது. கவர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றில் கை நின்றது. சந்தேகமே வரவில்லை.

"இது."

ஜெயசீலி கவரிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். லேஸின் நுனி கீழே தொங்கியது. விசேந்தம்மாள் பின்னி முடிக்கும்போது நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து முடிச்சுப் போடுவாள். அங்கே முடிச்சு இல்லை. ஒரே நேராக வெட்டியிருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்க மகளுக்காக ஜெபிச்சுக்கிடுங்கோ அம்மா."

"ஆகட்டும்" என்றாள் விசேந்தம்மாள்.

ஜஸ்டஸ் காசை வாங்கிக்கொண்டு லேஸைக் கவரில் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஆனாலும் விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போனாள். சிஸ்டர் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"ஆரிட்டே?"

விசேந்தம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் துவைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"வேணும்னு எடுத்துக் குடுத்தீங்களா?"

"இல்லை. தெரியாமத்தான் எடுத்தேன். தெரிஞ்ச பிறகும் குடுத்தேன்."

"அவங்க வீடு தெரியுமா?"

"சந்தைக்குப் பின்னாலேன்னு சொன்னா. கேட்டா காட்டுவாங்க."

"போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னா ஜஸ்டஸுக்க கடை என்னாகும்?"

சிஸ்டர் துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டார்.

"போறப்போ நீங்க பின்னினது ஒண்ணு எடுத்துட்டுப் போங்கோ."

விசேந்தம்மாள் கடைக்குப் போனாள். கவர்களைப் பிரித்து, நுனியில் முடிச்சு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். அப்படித்தான் தன்னுடையதை அவளால் கண்டுபிடிக்க முடிந்தது. என்ன செய்கிறீர்கள் என்று ஜஸ்டஸ் கேட்டான். சொன்னாள். நாளையிலிருந்து வரப்போவதில்லை என்பதையும் சொன்னாள்.

அவன் சண்டை போடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த நாற்காலியைப் பார்த்தான்.

"இனி அங்கே ஆரை உக்கார வைப்பேன்?" என்றான்.

மார்த்தாண்டத்தில் வீட்டைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. ஜெயசீலியின் மகள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். லேஸ் தைத்தாகிவிட்டது. விசேந்தம்மாள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"அது எனக்க கையிலே பின்னினது இல்லை. மெஷின் லேஸ். உங்ககிட்டே மறைச்சிட்டேன். இதுதான் எனக்கது."

கவரை நீட்டினாள்.

ஜெயசீலி வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மகளையும் கூப்பிட்டு, இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நல்ல மனசோடு, வித்தியாசத்தைக் கண்டுவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானே அம்மா இருக்கு."

"ஆமா. ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"தச்சதைப் பிரிச்சா துணி கெட்டுப்போகும். பிள்ளைக்கும் பிடிச்சுப்போச்சு. இதுவே கொள்ளாமே, நல்லாத்தானே இருக்கு. நீங்க மனசிலே ஒண்ணும் வச்சுக்கிடாதீங்கோ." லேஸை மடித்துக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "உக்காருங்கோ. சாயா குடிச்சிட்டுப் போகலாம்."

விசேந்தம்மாள் உட்கார்ந்து சாயா குடித்தாள். ஜெயசீலி கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட, ஏதோ ஒன்றைப் பறிகொடுத்தவள் திட்டுகிறாள் என்று இருந்திருக்கும். அந்த வீட்டில் யாரும் எதையும் பறிகொடுக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுகக் கவரை மடியில் வைத்திருந்தாள். திறந்து பார்க்கவில்லை.

ஆற்றங்கரைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சிஸ்டர் குருசடியின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னீங்களா அக்கா?"

"சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சாயா தந்தாங்க."

சிஸ்டர் நகர்ந்து இடம் விட்டார். விசேந்தம்மாள் எப்போதும்போலத் தரையில்தான் உட்கார்ந்தாள்.

"கடை?"

"நின்னுட்டேன். வர்ற வழியிலே அண்டி ஆபீசிலே கேட்டேன், முந்திரிக்கொட்டை உடைக்க ஆள் எடுக்காங்க. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கு."

"அப்போ கஞ்சிக்கு வழி ஆச்சு."

"ஆச்சு."

ஆற்றில் ஒரு வள்ளம் போயிற்று. அது வளைவில் மறையும்வரை விசேந்தம்மாள் பார்த்திருந்தாள்.

"சிஸ்டர், ஊருக்குத் தெரியல்லைன்னா நான் பொறுத்துக்கிடுவேன். எனக்கே தெரியல்லையே. பூ எனக்கது. கொடி எனக்கது. அதை அந்த மெஷின் என்னைவிட நல்லா அடிக்குது. ஒரு இழை பிசகல்லை. நான் பின்னினதை எடுத்துட்டுப் போயும் வாங்க ஆளில்லை. இனி அண்டி ஆபீசிலே இருந்து திரும்பி வந்து, விளக்கைப் போட்டு, அந்தத் தலையணைக்கு முன்னாலே உக்காந்து நான் எதுக்குப் பின்னணும்? நீங்க விடுன்னு சொன்னா இன்னைக்கே விட்டிருதேன்."



அக்கரைக் கோயிலில் மணி அடித்தது. ஒலிபெருக்கி ஒருமுறை இரைந்து அடங்க, ஜெபமாலை தொடங்கியது. வழக்கமான பதிவுதான். அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் சாயங்காலம் இதைத்தான் போடுவார்கள். ஒரு பெண்ணின் குரல். தெளிந்த, இளம் குரல். ஒரு சொல்லும் சிதறாமல் தண்ணீர்மேல் வந்தது.

சிஸ்டரும் தம்முடைய ஜெபமாலையை எடுத்துத் தொடங்கினார். தொண்டையில் ஆபரேஷன் ஆனவர். குரல் கரகரத்தது. சில சொற்கள் வெறும் காற்றாகப் போயின. மூச்சுக்காக நின்று நின்று சொன்னார். அக்கரைக் குரல் அவரைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அதைப் பிடிக்க அவர் அவசரப்படவும் இல்லை. அது முடிந்ததும் யாரோ ஒலிபெருக்கியை அணைத்து, கோயில் கதவையும் சாத்தினார்கள். சிஸ்டர் பாதியில்தான் இருந்தார்.

தண்ணீர் குடிக்க அவர் நிறுத்தியபோது விசேந்தம்மாள் மெல்லக் கேட்டாள்.

"தப்பா எடுக்காதீங்கோ சிஸ்டர். பக்கத்திலே இருக்கேன், எனக்கே நீங்க சொல்லுதது கேட்கல்லை. அந்தக் குரல் எவ்வளவு நல்லா இருக்கு."

"நல்ல குரல்தான்."

"ஆருக்க குரல் அது?"

"எனக்க குரல்தான். மடத்திலே இருந்தப்போ பதிவு செஞ்சாங்க. தொண்டை போறதுக்கு முன்னே."

விசேந்தம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இவர் முன்னால் உட்கார்ந்தும் இருக்கிறாள். இரண்டையும் அவள் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"அப்போ ஊரெல்லாம் உங்க குரல்தான் ஜெபம் சொல்லுதா?"

"ஆமா."

"பின்னே நீங்க எதுக்கு சிஸ்டர், இங்கே தனியா உக்காந்து, தொண்டை நோக, மறுபடியும் சொல்லுதீங்க?"

சிஸ்டர் செம்பைக் கீழே வைத்தார். ஜெபமாலையில் விட்ட மணியை விரலால் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அது அன்னைக்குச் சொன்னது அக்கா. இன்னைக்கு நான் இன்னும் சொல்லி முடிக்கலையே."