தூர் வாரிய சிங்கங்கள்

வேலூருக்கு மேற்கே சிப்பாய்ப்பட்டு என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். புத்திசாலிகள் எல்லாம் அப்படிக் கிளம்பிவிட்டதால், மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் இந்தக் கதையை நடத்த வேண்டியிருக்கிறது.

அந்த மிச்சத்தில் ஒருவர் தணிகாசலம். அவருடைய தாத்தா சண்டைக்குப் போய்த் திரும்பாதவர். அவர் ஞாபகமாக வீட்டில் இருந்தது ஒரே ஒரு பொருள், தொப்பியில் செருகும் பித்தளை வில்லை. நடுவில் சிங்கமுகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை ஊர் நினைவுத் தூணில் பதிக்கப் போகிறார்கள் என்றதும் தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

விழாக் குழுவில் தணிகாசலத்தோடு சேர்த்து நாலு பேர். அன்றைக்கு நாமும் ஆளுக்கொரு வில்லை குத்திக்கொள்ள வேண்டாமா என்று ஏகாம்பரம் கேட்டார். நியாயம்தான் என்று, பித்தளை வேலை செய்யும் கோதண்டத்திடம் தாத்தாவின் வில்லையைக் கொடுத்து நாலு நகல் வார்க்கச் சொன்னார் தணிகாசலம். திங்கட்கிழமை ஒரு பை வந்து சேர்ந்தது. உள்ளே ஐந்து வில்லை. ஐந்தும் ஒரே ஜாடை. கோதண்டமோ பையை அனுப்பிவிட்டு மாமியார் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார்.

"இதுல எங்க தாத்தா எதுபா?" என்றார் தணிகாசலம்.

பழைய பட்டாள வில்லைகளைச் சேர்த்து வைத்திருக்கும் சுபேதார் ஞானப்பிரகாசத்துக்கு டவுனுக்குப் போன் போட்டார்கள்.

"மூணு அடையாளம் சொல்றேன், எழுதிக்குங்க," என்றார் சுபேதார். "சிப்பாய் தெனமும் தேய்ப்பான். அதனால அசல்ல சிங்கத்தோட பிடரி மழுங்கியிருக்கும். ரெண்டாவது, அசல் மெல்லிசான தகட்டுல அச்சடிச்சது. திருப்பிப் பார்த்தா சிங்கம் குழியா தெரியும். வார்த்த போலின்னா தட்டையா இருக்கும். மூணாவது, பழைய அச்சை வெச்சே பிற்காலத்துல அடிச்சதும் உண்டு. முகம் அசலாட்டமே இருக்கும், ஆனா அது தொப்பியவே பார்த்திருக்காது. பின்னாடி செருகுற நாக்கு வளையாம புதுசா இருக்கும்."

போனை வைத்ததும் விவாதம் தொடங்கியது.

"அதே அச்சு, ஆனா பின்னாடி பொறந்தது. அப்போ அது தம்பி," என்றார் ஏகாம்பரம்.

"அண்ணன் செத்த சண்டைக்குத் தம்பி வந்து மாலை வாங்கிக்கிறதா? விடக்கூடாது," என்றார் முனிரத்தினம்.

முதல் அடையாளத்தைப் பார்த்தார்கள். ஐந்து சிங்கத்துக்கும் பிடரி மயிரை எண்ணிவிடலாம், அவ்வளவு கூர்மை.

"ஒண்ணுகூட மழுங்கலையே. உங்க தாத்தா தேய்க்கவே இல்லபா. சோம்பேறி போல," என்றார் முனிரத்தினம்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க தாத்தாவா சோம்பேறி? பாதி தேய்ச்சுனு இருக்கச்சே சண்டை வந்துடுச்சு, போய்ட்டாரு. மீதிய நாம தேய்ச்சு முடிப்போம்!"

எது தாத்தாவுடையது என்று தெரியாததால் ஐந்தையும் தேய்த்தார்கள். புளி, செங்கல் தூள், உப்புத்தாள் என்று இரண்டு நாள். பிடரி போனது, மீசை போனது, காதும் போனது.

"வெள்ளாடு மாதிரி கீதே," என்றார் நாலாமவர் கன்னியப்பன்.

"வயசானா சிங்கமும் அப்படித்தான்," என்றார் தணிகாசலம் பரிவோடு.

அடுத்து, திருப்பிப் பார்த்தார்கள். ஐந்தும் தட்டை.

"குழி இருந்திருக்கும். இத்தனை வருஷம் பெட்டியில கிடந்து தூர்ந்துபோயிருக்கும்," என்றார் கன்னியப்பன்.

ஏரிக்கே தூர் வாரிய ஊர், இதற்கா அஞ்சும்? உளியும் சுத்தியலும் வந்தன. வியாழக்கிழமை முழுவதும் தூர் வாரினார்கள். சிங்கங்களுக்கு அம்மை போட்டதுபோல முகமெல்லாம் புடைத்துக்கொண்டது.

பாக்கி நாக்கு. தொப்பியைப் பார்க்காததுதானே குறை, காட்டிவிட்டால் போயிற்று என்று ஆளுக்கொரு தொப்பியில் வில்லையைச் செருகிக்கொண்டு வெள்ளிக்கிழமை வெயிலில் ஏரியைச் சுற்றி ஓடினார்கள். ஐந்தாவதும் தொப்பியைப் பார்க்க வேண்டுமே என்று தணிகாசலம் தொப்பிமேல் தொப்பி போட்டு ஓடினார். விழுந்து எழுந்ததில் எல்லா நாக்கும் அழகாக வளைந்தது.

சனிக்கிழமை காலை சரிபார்த்தார்கள். பிடரி மழுக்கல், பின்னால் குழி, நாக்கு வளைசல். ஐந்தும் அசல்!

"ஒரு தாத்தாவைத் தேடினோம், அஞ்சு பேரு கிடைச்சுட்டாங்க!" தணிகாசலம் விம்மினார். அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஒன்றை வைத்து மற்றதை விடுவது பாவம் என்று ஐந்தையும் தூணில் சிமெண்டு போட்டுப் பதித்தார்கள்.

சிமெண்டு காய்வதற்குள் கோதண்டம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயா, மன்னிச்சுக்குங்க. ஒண்ணு வீணானாலும் ஆகும்னு அஞ்சா வார்த்து, மழுங்கின பிடரியயும் கூரா செதுக்கிட்டேன். அந்த அஞ்சையும் பையில போட்டுட்டு, தாத்தாவோடத பட்டறையிலயே விட்டுட்டேன். இந்தாங்க."

தணிகாசலம் அதை வாங்கித் தூணின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிடரி கொஞ்சம் மழுங்கியிருந்தது, ஆனால் மீசையும் காதும் அப்படியே இருந்தன. பின்னால் குழி இருந்தது, ஆனால் உளி பட்ட தடமே இல்லை.

"அஞ்சு பேரு ஒரே மாதிரி கீறாங்க. இது மட்டும் வேற ஜாதியா கீது," என்றார் முனிரத்தினம்.

"சாமி, இதுதான் உங்க தாத்தாவோடது!" என்றார் கோதண்டம்.

தணிகாசலத்துக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. தோளில் கைபோட்டு மெதுவாகச் சொன்னார்:

"பரவால்ல கோதண்டம், தொழில்ல எல்லாருக்கும் சறுக்கும். நாங்க குத்திக்கத்தான் இன்னும் நாலு வேணும். இந்தப் போலிய உருக்கிடு. தூண்ல இருக்கிற அசலப் பார்த்து, அதே மாதிரி நாலு வார்த்துக் குடு. காது மட்டும் வந்துடாமப் பார்த்துக்கோ."