வாசலில் வேப்பிலை

ஆற்றங்கரை மடத்துக்கு ஆவுடைநாயகம் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். அறுபது வயது மனுஷர், பேயறைந்தவர் மாதிரி நின்றார். மடத்துச் சாமிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அவருக்கு இவர்தான் குரு.

"மூணு மாசமா ஆளையே காணமே வேய். வீட்டுல இன்னுமா அம்மை?"

ஆவுடைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. மனைவி பிரமுவுக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. கட்டின புருஷனையே 'நீங்க யாரு?' என்று கேட்டாள். ஒருநாள் அரைகுறை உடையோடு தெருவில் இறங்கி ஓடினாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்றைக்கே அவர் வாசலில் வேப்பிலையைக் கட்டிவிட்டார். அம்மை கண்ட வீடென்றால் ஈ காக்காய் நுழையாது.

"அம்மை இல்ல சாமி. பொய் சொல்லிட்டேன்."

"சரி. இப்ப என்ன?"

"செத்தவ வந்துட்டா. பிரமு தங்கச்சி வள்ளிமயிலு. நாப்பது வருசத்துக்கு முந்தி ஆத்தோட போனவ. விளக்கு வைக்கிற நேரம் பிரமு பின்கட்டுல உக்காந்து அவளைக் கூப்பிடுவா. புத்தி சரியில்லாதவதானேன்னு நானும் விட்டுட்டேன். பத்து நாளா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வருது சாமி! 'இந்தா வந்துட்டேங்க்கா'ன்னு. நேத்து ஆம்பளைக் குரலும் சேந்துக்கிட்டுது. நான் காதைப் பொத்திக்கிட்டு வாசப்பக்கம் ஓடிட்டேன்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"வெறும் முடுக்குச் சந்து. முள்ளு மண்டிக் கெடக்கு. ஒருத்தரும் போகமாட்டாங்க."

"குரல் கேட்டதும் பிரமு என்ன செய்யுதா?"

"சிரிக்கா. தட்டுல உள்ள சோத்தைத் திங்கா. நான் ஊட்டினா துப்புதவ."

"நல்ல பேயால்ல இருக்கு."

"விளையாடாதீங்க சாமி! என்னால முடியல. நான் கண்ணசந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? நாளைக்கு விடியவும் தூரத்துல ஏதாவது கோயில் மண்டபத்துல அவளை விட்டுட்டு வந்துரலாம்னு இருக்கேன்." சொன்ன வாயை அவரே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார்.

சாமி எழுந்தார். "விளக்கு வைக்கிற நேரம் அந்த முடுக்குக்கு வாரும்."

பிரமுவின் முன்னால் தட்டை வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, ஆவுடைநாயகம் பின்புற முடுக்குக்குச் சுற்றி வந்தார். சாமி முன்னமே நின்றிருந்தார். வெளிச்சம் மங்கிவிட்டது. முள்ளை வெட்டி யாரோ ஒற்றையடிப் பாதை போட்டிருந்தார்கள். சுவரை ஒட்டி நாலைந்து உருவங்கள், மூச்சுப் பேச்சில்லாமல், சுவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. அவர் சாமியை ஒட்டி நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து பிரமு கூப்பிட்டாள். "ஏ வள்ளிமயிலு, சாப்பிட வாட்டீ!"

முதல் உருவம் முக்காட்டை விலக்கியது. "இந்தா வந்துட்டேங்க்கா. நீ மொதல்ல தின்னு." எதிர்வீட்டு இட்லிக்கடை எசக்கியம்மாள்.

"மாமா வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா." அது தபால்காரர் சண்முகக்கனி.

"அப்பா?"

"இருக்கேன் மகளே."

ஆவுடைநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் குரல் அவர் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பேசியது சாமி.

பிறகு பிரமு கேட்டாள். "எங்க வீட்டுக்காரரை எங்க?"

அத்தனை முகமும் ஆவுடைநாயகத்தின் பக்கம் திரும்பியது.

"இங்கதான் இருக்கேன் பிரமு."

"வந்துட்டீங்களா!" அவள் சுவரோடு வாயை வைத்து ரகசியமாகப் பேசினாள். "சீக்கிரம் உள்ள வாங்க. வீட்டுக்குள்ள யாரோ ஒரு ஆளு இருக்காரு. கதவைப் பூட்டிப் பூட்டி வைக்காரு. பயமா இருக்கு. அவரும் பாவம், தனியா உக்காந்து அழுதாரு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எசக்கியம்மாள் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர். "ஒருத்தராவது வாசலுக்கு வந்து என்ன ஏதுன்னு கேட்டிருக்கக் கூடாதா சாமி?"

"தினமும் வந்தாங்களாம் வேய். வேப்பிலை வாடுதுக்குள்ள நீரு புதுசு கட்டிட்டீரு."