வேண்டாம் என்று சொன்னவர்கள்

ஐம்பத்தாறு வயதில் டேட்டாபேஸ் படிக்கக் கிளம்பியவர் நாச்சிமுத்து. திருப்பூரில் ஒரு குழந்தைத் துணிக்கடையின் மேலாளர். பக்கத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த ரெபேக்காவுக்கு அவர் மகள் வயதுகூட இராது. ஆனாலும் மனுஷர் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கடையின் வாடிக்கையாளர் விவரமெல்லாம் விளம்பர மெசேஜ் அனுப்பும் ஒரு கம்பெனியிடம் இருந்தது. தாயின் பெயர், போன் நம்பர், குழந்தையின் பெயர். நம் பாத்திரத்தை அடுத்தவர் வீட்டுப் பரணில் போட்டு வைப்பார்களா என்று ரெபேக்கா ஒருநாள் கேட்டாள். நாச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று மாதம் உட்கார்ந்து, அத்தனையையும் கடையின் சொந்த டேட்டாபேஸில் பிரதி எடுத்து வைத்தார்.

ஒரு பட்டியலை மட்டும் விட்டுவிட்டார். இனி எனக்கு அனுப்பாதீர்கள் என்று சொன்ன நானூற்றுச் சொச்சம் பேரின் பட்டியல் அது. அவர்கள் பெயரெல்லாம் பிரதியில் வந்தது, வேண்டாம் என்று சொன்னது மட்டும் வரவில்லை. போனவர்களுக்கு எதற்குத் தனியாக இடம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஆடி மாதம் அந்தக் கம்பெனி திடீரென்று மூடிக்கொண்டது. மற்ற கடைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து தன் பிரதியை எடுத்து வேறொரு கம்பெனியில் ஏற்றினார். முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்தாத குறைதான். மறுநாள் காலை எல்லோருக்கும் மெசேஜ் போனது, அவரவர் குழந்தையின் பெயரோடு.

பத்து மணிக்குக் கடைக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்தவர் நேராக ரெபேக்காவின் ஆபீசுக்கு வந்து நின்றார்.

"இளவேனில் வளந்திருப்பாளே, புதுக் கவுன் எடுக்கலாமான்னு அனுப்பியிருக்கோமுங்க டீச்சர். அந்தப் பாப்பா போன வருசமே தவறிப்போச்சுங்களாம். அப்பவே அனுப்ப வேண்டாம்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. என்னைத் திட்டக்கூட இல்லீங்க."

ரெபேக்கா அந்தப் பிரதியைத் திறந்தாள். பிரதியைச் சரிபார்த்துத் தந்தவள் அவள்தான். அவளும் அந்தப் பட்டியல் எங்கே என்று கேட்கவில்லை.

அந்தம்மாவின் பெயரை அடியோடு அழித்துவிடலாமா என்று கேட்டார் நாச்சிமுத்து.

"அழிச்சுட்டா, அவங்க வேண்டாம்னு சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

அவள் டேட்டாபேஸில் வேண்டாம் என்றவர்களுக்கென்று புதிதாக ஒரு காலிப் பட்டியலைத் திறந்து, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அந்தம்மாவின் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினார். ஒரு வரி ஆயிற்று. கீழே வெறுமையாக இருந்தது.

"மீதிப் பேரு யாரு யாருன்னு எப்படிங்க டீச்சர் கண்டுபிடிக்கறது? பழைய கம்பெனியே இல்லீங்களே."

அதற்குள் அவர் போன் அடித்தது. தெரியாத நம்பர். துண்டிக்கக் கை போயிற்று.

"எடுங்க சார்," என்றாள் ரெபேக்கா. "நாம விட்ட பேரையெல்லாம், வேண்டாம்னு சொன்னவங்க வாயாலயே கேட்டுத்தான் எழுதணும்."