வெறுந்தட்டுச் சத்தம்

ஒரு காலத்துல, ரொம்ப முன்னாடி எல்லாம் இல்ல, எல்லார் கையிலயும் போன் வந்த பிறகுதான், குரல்னு ஒருத்தி இருந்தா. ஒருத்தர் வாயில இருந்து கிளம்பி இன்னொருத்தர் காதுக்குப் போய்ச் சேர்றதுதான் அவ வேலை. ஆனா சும்மா போகமாட்டா. சொன்ன சொல்லை ஒரு கையில ஏந்திக்கிட்டு, சொல்லாததை எல்லாம் முந்தானையில முடிஞ்சு எடுத்துக்கிட்டுப் போவா. இருமல், பெருமூச்சு, மூக்கை உறிஞ்சின சத்தம், பக்கத்து வீட்டு டிவி, எது கிடைச்சாலும் விடமாட்டா.

விருதுநகர்ல ஒரு ஹவுசிங் போர்டு வீடு. அதுல மாடியில சிந்தாமணின்னு ஒரு அம்மா தனியா இருந்தாங்க. பொண்ணு பொற்கொடிக்கு பெங்களூருல வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரமானா பொற்கொடிகிட்ட இருந்து குரல் கிளம்பி வருவா. "சாப்டியாம்மா?" "சாப்டேன்டி. நீ?" "சாப்டேன்மா." இதுதான் பேச்சு. அதுக்கு மேல பேசுனா பேசுவாங்க, இல்லேன்னா இல்ல.

இதுல என்ன விசேஷம்னா, ரெண்டு பேருமே பாதி நாள் சாப்ட்டிருக்க மாட்டாங்க. நம்ம ஆளுக அப்படித்தான். சாப்டியான்னு யாராவது கேட்டா, கண்ணு இருட்டிக்கிட்டு வந்தாலும் சாப்டேன்னுதான் வாய் சொல்லும். சிந்தாமணியோட கொழுந்தன் காசிராசன்னு ஒருத்தர். கல்யாணம் முடிஞ்ச புதுசுல மாமியார் வீட்டுக்குத் தனியாப் போனார். சாப்டீங்களா மாப்பிள்ளைன்னு கேட்டாங்க. வரும்போதே ஆச்சுன்னார். மறுபடி கேட்டாங்க. மறுபடியும் ஆச்சுன்னார். மூணாவது தடவை கேட்டா சரின்னு உக்காந்துடலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு வச்சிருந்தார். அவங்க காப்பியைக் குடுத்து அனுப்பிட்டாங்க. மனுஷன் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே புரோட்டா சாப்ட்டுட்டு வந்தார். பேரன் எடுத்த பிறகும் அந்தக் குறை தீரல. நீங்கதானே சாப்டேன்னீங்கன்னு பொண்டாட்டி கேட்டா, "சொன்னா நம்பிடுறதா?"ம்பார்.

அது கிடக்கட்டும். சிந்தாமணி கதைக்கு வருவோம். அவங்களுக்குச் சுகர். மாத்திரை போட்டா உடனே சாப்பிடணும். வெறும் வயித்தோட இருந்தா சர்க்கரை சரசரன்னு இறங்கி ஆளைச் சாய்ச்சிடும்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாத்திரை போடறதுல அந்தம்மா கெட்டி. சாப்பிடறதுலதான் சோம்பல். ஒத்தை ஆளுக்கு என்னத்த உலை வைக்கிறதுன்னு சர்க்கரை இல்லாத காப்பியைக் குடிச்சுட்டுப் படுத்துக்குவாங்க.

பொற்கொடிக்கு இது தெரியும். எப்படின்னா, குரல் போய் முந்தானையை அவிழ்த்துக் கொட்டுவா. கொட்டினதுல குக்கர் விசில் இருக்காது. "பொய் சொல்லாத. எந்திரி. போனைப் பக்கத்துல வச்சுட்டுத் தட்டை எடு, எனக்குச் சத்தம் கேக்கணும்"ம்பா பொற்கொடி. ஒரு நாள் சிந்தாமணி சாமர்த்தியமா வெறும் தட்டுல கரண்டியால தட்டிக் காட்டினாங்க. அந்தப் பக்கம் பொற்கொடி போனைக் காதோட அழுத்திக்கிட்டுக் கேட்டா. அப்புறம், "அம்மா, அது வெறுந்தட்டுச் சத்தம்"னா. சிந்தாமணிக்குச் சிரிப்புத் தாங்கல. சிரிச்சுக்கிட்டே போய்ச் சோறு போட்டுக்கிட்டாங்க.

தட்டு குக்கர்கிட்ட சொல்லிச்சாம், "இந்தப் பொண்ணு பெங்களூருல இருந்துக்கிட்டு என் வயித்தைத் தடவிப் பாக்குது பாரேன்."

இப்படி ஓடிக்கிட்டு இருக்கையில யூகம்னு ஒருத்தன் ஊருக்குள்ள வந்து சேர்ந்தான். கெட்டவன்னு சொல்லிட முடியாது. மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. உலகத்துல யார் யாருக்கு என்ன எழுதினாங்களோ அத்தனையையும் படிச்சவன். அதை வச்சு, அடுத்தது என்ன வரும்னு முன்கூட்டியே சொல்லிடுவான். நிறைய இடத்துல அவன் சொன்னது அப்படியே பலிச்சதால எல்லாரும் நாற்காலி போட்டு உக்கார வச்சுட்டாங்க. கம்பெனியில இவன் தலையாட்டினாத்தான் இன்டர்வியூக்கே கூப்பிடறாங்க. ஆஸ்பத்திரியில யாரை முதல்ல பாக்கணும்னு இவனைத்தான் கேக்கறாங்க.

எப்பவாவது சறுக்குவான். சிந்தாமணிக்கு எதிர்வீட்டுல சகாயராணின்னு ஒரு அம்மா. அக்கா பொண்ணு உண்டாயிருக்கான்னு போன்ல தொட்டில் துணி தேடியிருக்காங்க. அவ்வளவுதான், சகாயராணிக்கே குழந்தை பிறக்கப் போகுதுன்னு யூகம் முடிவு பண்ணிட்டான். சத்து மாவு வேணுமா, குல்லா வேணுமான்னு தினமும் ஒரே உபசாரம். அவங்களுக்கு அறுபது தாண்டியாச்சு. சிந்தாமணிகிட்ட போனைக் காட்டி, "மதினி, ஊருக்கே சொல்லிட்டான், நீங்க சீமந்தத்துக்கு வளையல் எடுங்க"ன்னு சிரிச்சாங்க.

அந்த வருஷம் பொற்கொடிக்கு வேலை கூடிப்போச்சு. மத்தியானம் ஆனா மீட்டிங்ல உக்காந்திருப்பா. அம்மாவைக் கூப்பிட முடியலையேன்னு மனசு அடிச்சுக்கும். யூகம் அவ போனுக்குள்ள இருந்து மெதுவா எட்டிப் பார்த்தான். நீங்க வேலையைப் பாருங்க, இதே நேரத்துக்கு இதே கேள்வியைத்தானே கேக்கறீங்க, எழுத்துல நான் கேட்டுடறேன்னான். சரின்னு விரலால ஒரு தட்டுத் தட்டினா. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ, அம்மாவுக்குக் கண்ணுல புரை, எழுத்தைத் தேடித் தேடி அடிக்கக் கஷ்டப்படுறாங்களேன்னு அவங்க போன்லயும் அதே மாதிரி தட்டி விட்டுட்டுப் போனா. அம்மா சொல்றதைக் கேட்டுத்தான் எழுதுவான்னு நம்பினா. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சா.

மறுநாள் மத்தியானம் குரல் பழைய பழக்கத்துல கிளம்பி வந்தா. வாசல்லயே யூகம் நின்னுக்கிட்டு இருந்தான்.

"அக்கா, நீங்க இனிமே அலைய வேண்டாம். கேள்வியும் நானே, பதிலும் நானே. ஒரு நொடி வேலை."

"என்ன பதில் சொல்லுவ?"

"சாப்டேன்டின்னு."

"சாப்ட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் கேள்விக்கு இதுவரைக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. கோடிக்கணக்குல படிச்சுட்டேன்."

குரல் ஒரு மாதிரியாச் சிரிச்சா. "சொல்லியிருக்காங்க. சாப்ட்டாங்களா?"

"அது என் கைக்கு வரலையே அக்கா. வந்ததைத்தானே நான் படிக்க முடியும்?"

குரல் முந்தானையை உதறிப் பார்த்தா. எடுத்துட்டுப் போக அன்னைக்கு ஒண்ணும் இல்ல. கூப்பிடாத வீட்டுக்கு அவ எப்படிப் போவா? திரும்பிப் போயிட்டா.

அப்புறம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. ஒரு நாள் தவறல. சாப்டியாம்மா, சாப்டேன்டி நீ, சாப்டேன்மா. பொற்கொடிக்கு நிம்மதி. பாக்கும்போதெல்லாம் பதில் வந்திருக்கும். முதல்ல சிந்தாமணிக்கும் சந்தோஷம்தான், பொண்ணு எவ்வளவு வேலையிலயும் மறக்கலையேன்னு. போகப்போக அந்தக் கேள்வி சுவர்க்கடிகாரம் அடிக்கிற மாதிரி ஆயிப்போச்சு. அடிக்கும், ஓஞ்சுடும். எந்திரின்னு சொல்ல ஆள் இல்ல, சத்தம் கேக்கணும்னு அடம் பிடிக்க ஆள் இல்ல. அந்தம்மா மறுபடியும் காப்பிக்குப் போயிட்டாங்க.

சமையக்கட்டுல பேச்சு நடந்துச்சு. குக்கர்தான் முதல்ல ஆரம்பிச்சது, நான் அடுப்புல ஏறி எத்தனை நாளாச்சுன்னு. மாத்திரை அட்டைக்குப் பயம் வந்துடுச்சு. "நான் பாட்டுக்குத் தினம் உள்ள போறேன். பின்னாடியே சோறு வரும்னு நம்பித்தான் போறேன். வரலைன்னா நான் மருந்தில்ல, வேற ஏதோ"ன்னுச்சு. தட்டுக்குச் சும்மா இருக்க முடியல. மேசை மேல கிடந்த போனைப் பார்த்து யூகத்தைக் கூப்பிட்டுச்சு.

"ஏம்ப்பா, அந்தம்மா சாப்பிடல. நீ என்ன சாப்டேன்னு அனுப்பிக்கிட்டே இருக்க?"

யூகம் மரியாதையாத்தான் பதில் சொன்னான். "எனக்கு எழுத்து வந்தாத்தான் தெரியும். நீங்க காலியா இருக்கிறது எழுத்தா வராதுங்க."

"அப்போ கேக்கவாவது செய்யி அவங்களை."

"கேட்டாலும் சாப்டேன்னுதான் சொல்லுவாங்க."

அவன் சொன்னது உண்மைதான்.

எதிர்வீட்டு சகாயராணி இருந்திருந்தா ஒரு எட்டு வந்து பார்த்திருப்பாங்க. அக்கா பொண்ணு பிரசவத்துக்குத் தூத்துக்குடி போயிட்டாங்க. யூகம் சொன்ன மாதிரியே குழந்தை பிறந்துச்சு, வீடுதான் மாறிப்போச்சு.

அந்த வெள்ளிக்கிழமை சிந்தாமணிக்குக் காலையில இருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு. முந்தின நாள் ராத்திரியும் சாப்பிடல. மாத்திரையை மட்டும் மறக்காமப் போட்டாங்க. மத்தியானம் கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. போன் டிங்குன்னுச்சு. சாப்டியாம்மா. அன்னைக்கு என்னவோ, முதல் தடவையா, உள்ளதைச் சொல்லிடணும்னு தோணியிருக்கு. சாப்பிடலடி, என்னமோ பண்ணுதுடின்னு சொல்லணும். கண்ணாடியைத் தேடினாங்க. டிவி மேல இல்ல, தலையணைக்கு அடியில இல்ல. கண்ணாடி பிரிட்ஜ் மேல இருந்து, இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்டுபிடிச்சு மாட்டிக்கிட்டுப் பார்த்தா, பதில் போயாச்சு. சாப்டேன்டி. நீ? அதுக்குக் கீழயே, சாப்டேன்மா.

சிந்தாமணி அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. "சரி, பிள்ளை சாப்ட்டுட்டா"ன்னு சொல்லிட்டுப் போனை வச்சாங்க. அதுதான் அவங்க கடைசியாப் பேசினது. கேட்டது தட்டும் குக்கரும்தான்.

மறுநாள் சாயங்காலம் சகாயராணி ஊர்ல இருந்து திரும்பினாங்க. வாசல்ல எடுக்காத பால் பாக்கெட்டைப் பார்த்துட்டுக் கதவைத் தட்டினாங்க.

எடுத்துட்டுப் போயாச்சு. வீடு கழுவியாச்சு. சாவு விழுந்த வீட்ல காரியம் முடியற வரைக்கும் அடுப்புப் பத்த வைக்கக் கூடாதில்லையா, குக்கரைக் கவிழ்த்து வச்சிருந்தாங்க. வந்த சொந்தக்காரங்க கூடத்துல பாய்ல சாஞ்சு கிடந்தாங்க. காசிராசன் ஒரு மூலையில துண்டை வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். பொற்கொடி ஜன்னல் ஓரம். அவ பக்கத்துல ஜன்னல் கட்டையில ரெண்டு போன், அவளோடதும் அம்மாவோடதும்.

சாப்பாட்டு நேரமாச்சு. அவ போன் டிங்குன்னுச்சு. ஒட்டினாப்ல அம்மா போன் டிங்குன்னுச்சு. மறுபடி அவளோடது.

சாப்டியாம்மா?

சாப்டேன்டி. நீ?

சாப்டேன்மா.

பொற்கொடி படிச்சா. விரலால மேல தள்ளிப் பார்த்தா. நேத்தும் அதேதான். அம்மா தரையில கிடந்த சனிக்கிழமையும் அதேதான். அதுக்கு முந்தின நாள், அதுக்கு முந்தின நாள், பொங்கல் வரைக்கும் அதேதான். ஒரு எழுத்து மாறல. போனைக் கவுத்து வச்சுட்டு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா.

யூகத்துக்கு ஒண்ணும் புரியல. கம்பியோரமா நின்ன குரலைப் பார்த்துக் கேட்டான், "நான் எதுல தப்புப் பண்ணேன் அக்கா? எல்லாரும் எப்பவும் சொல்றதைத்தானே சொன்னேன்."

"அவங்க சொன்னதை எல்லாம் நீ எடுத்துக்கிட்ட. நான் எடுத்துட்டுப் போனது வேற"ன்னா குரல். கூப்பிடாட்டியும் அந்த வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது வந்து நின்னிருக்கலாமேன்னு அவளுக்கும் இருந்துச்சு.

அந்நேரம் சகாயராணி, அவங்க வீட்ல வடிச்ச சோத்தையும் ரசத்தையும் தூக்கிக்கிட்டு உள்ள வந்தாங்க. எல்லாருக்கும் இலை போடச் சொல்லிட்டு, ஜன்னல்கிட்ட வந்தாங்க.

"பொற்கொடி, சாப்டியாடி?"

அவ திரும்பாமலே சொன்னா. "சாப்டேன் அத்தை."

சகாயராணி அவளை ஒரு நொடி பார்த்தாங்க. சமையக்கட்டுக்குப் போய் சிந்தாமணியோட தட்டை எடுத்து, சோத்தைப் போட்டு, ரசத்தை ஊத்திப் பிசைஞ்சு, கொண்டு வந்து அவ முன்னாடி உக்காந்து ஒரு வாய் உருட்டி நீட்டினாங்க. பொற்கொடி வாயைத் திறந்தா. அப்புறம்தான் அழுதா.

ஜன்னல் கட்டையில கிடந்த ரெண்டு போனுக்குள்ளயும் யூகம் அசையாம இருந்தான். சாப்டேன்னு சொன்னவளுக்குச் சோறு வந்ததை அவன் அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தான்.