கோட்டைச் சுவரும் தேங்காய் நாரும்

கீழக்குன்றம் பாளையத்துத் தளவாய், புதுக் கோட்டைச் சுவரைச் சோதிக்க யானையை விட்டுப் பெரிய மரத்தூணால் இடிக்கச் சொன்னார். வெளிப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. உள்பக்கக் கற்களோ பொலபொலவென்று உதிர்ந்தன.

"சுவரை ரெட்டிப்பாக்கணும். கயித்துக்காரத் தெருவை இடிச்சுக் கல்லை எடுங்கடா!" என்றார் தளவாய்.

அந்தத் தெருவில் கயிறு திரிக்கும் மூக்காயி நேரே பாளையக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒரு கல்லு அடி வாங்கினா பக்கத்துக் கல்லுக்குக் கொடுத்திடும். கடைசிக் கல்லுக்குக் கொடுக்க ஆளில்லை, அதான் தெறிக்குது. எங்க தேங்கா நாரு, வாங்கின அடியைத் தனக்குள்ளயே அமுக்கிக்கிடும்."

தளவாய் விழுந்து விழுந்து சிரித்தார். "நாரை வச்சு யானையைத் தடுப்பியா? தடு பார்ப்போம். ஒரு கல் விழுந்தாலும் தெரு போச்சு!"

உதிர்ந்த கற்களைத் திரும்பப் பதித்ததும், அடி விழும் இடத்தில் மூக்காயி நார் மூட்டைகளை நெருக்கமாகத் தொங்கவிட்டாள். யானை ஓடிவந்து இடித்தது. முன்பு 'தொம்' என்று அதிர்ந்த சுவர், இப்போது 'பொத்' என்றது. உள்ளே ஒரு கல்லும் அசையவில்லை.

தளவாயின் முகம் கறுத்தது. "இன்னிக்கு யானை சோம்பேறித்தனமா இடிச்சிருக்கு!"

"அப்படிங்களா? நான் மூட்டையை அவுத்திடுறேன். நீங்க உள்பக்கம் சுவத்துல முதுகைச் சாய்ச்சு நில்லுங்க. சோம்பேறி யானைதானே, இன்னொருக்க இடிக்கட்டும்."

தளவாய் தன்னை அறியாமல் நாலடி பின்வாங்கினார். பாளையக்காரர் வாய்விட்டுச் சிரிக்க, கூட்டமே சிரித்தது.

"தெருவில் யாரும் கை வைக்கக் கூடாது. கோட்டை முழுக்க நார் மூட்டை கட்டணும். மூக்காயி சொல்கிறபடி செய்யும், தளவாயே!"

மறுநாள் காலை தளவாய் கயிற்றுக்காரத் தெருவுக்கு நடந்தே வந்து, "எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம், அம்மா?" என்று கேட்டார்.