பன்னிரண்டு ஏடு மிச்சம்

குன்றடி மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை முதல் நாள் காலையில், சாப்பாட்டுக் கூடத்தின் வெள்ளைச் சுவரில் சீடர்களும் குருவும் தம் பெயரை எழுதி, பக்கத்தில் ஓர் எண்ணையும் எழுத வேண்டும். அந்த ஆண்டில் எத்தனை சுவடி படித்து முடிக்கப் போகிறோம் என்பதுதான் அந்த எண்.

மனத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாது. இலை முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்தால், எல்லார் எண்ணும் எல்லார் கண்ணிலும் படும். ஒரு சுவடி முடிந்தால் ஒரு காவிக் கோடு. பங்குனி கடைசி நாள் மாலையில் மணி அடிப்பார்கள். அத்தோடு சரி. சுவருக்குச் சுண்ணாம்பு ஏறிவிடும்.

எழுதிய எண்ணை எட்டியவர்களில் யாருடைய எண் பெரிதோ, அவர் இடுப்பில் அடுத்த ஆண்டு முழுவதும் சுவடி அறையின் சாவி தொங்கும். மற்றவர்கள் வெள்ளிக்கு வெள்ளி கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சாவிக்காரர் நினைத்தபோது உள்ளே போகலாம்.

அந்தச் சாவியின் மேல்தான் தாண்டவருக்குக் கண்.

தாண்டவர் ஒரு காலத்தில் தபால் ஓட்டக்காரர். தோளில் கடிதப் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி. இருபத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக ஓடியவர். பை நிறைய அடுத்தவர் எழுத்தைச் சுமந்தாரே தவிர, அவருக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில்தான் மடத்துக்கு வந்து மணலில் அகரம் எழுதினார். இப்போது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு நாச்சியம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

போன சித்திரையில் தாண்டவர் சுவரில் எழுதிய எண் நூறு.

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஓட ஆரம்பித்தார். வாசிக்கும்போதுகூட அவருடைய வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

இன்று பங்குனி கடைசி நாள். சுவரில் அவர் பெயருக்கு நேரே தொண்ணூற்றொன்பது கோடுகள்.

காலைக் கஞ்சி குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி கோடுகளை எண்ணிப் பார்த்தான். அவனும் சீடன்தான். அவன் எண் பன்னிரண்டு. அதை அவன் மாசி மாதமே முடித்துவிட்டான். இதுவரை எண்ணை எட்டியவர்களில் அதுதான் பெரிது.

“ஓய் ஓட்டக்காரரே, இதில் பல்லி விழும் பலன் எத்தனையாவது கோடு?”

“நாற்பத்தொன்று.”

“அது ஆறு ஏடுதானே? அதையுமா ஒன்று என்று எண்ணினீர்?”

“மேலே மட்டை இருந்தது, கீழே மட்டை இருந்தது, நடுவில் கயிறு இருந்தது. சுவடி இல்லாமல் அது என்ன, முறமா?”

“மாட்டு வைத்தியம்?”

“எழுபது.”

“நம் மடத்தில் மாடே இல்லையே!”

“வந்தால் வைத்தியம் தெரியும்” என்றார் தாண்டவர்.

வாய்தான் அப்படிப் பேசியது. மெல்லிய சுவடிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அறையில் மீதி இருப்பவை தலைக்கு வைத்துப் படுக்கும் பருமன். ஒரே பகலில் எதையும் முடிக்க முடியாது. தொண்ணூற்றொன்பதும் பூச்சியமும் இந்தச் சுவரில் ஒன்றுதான். சாவி மாசிலாமணியின் இடுப்புக்குப் போய்விடும்.

அப்போதுதான் அவர் கண் சுவரின் மூலைக்குப் போனது. அங்கே குருவின் பெயர். பக்கத்தில் ஒன்று என்ற எண். அதற்கு நேரே ஒரு கோடும் இல்லை.

போன ஆண்டும் அப்படித்தான். அதற்கு முந்தின இரண்டு ஆண்டுகளும் அப்படித்தான்.

தாண்டவர் கையைக் கழுவிவிட்டு நேரே குருவிடம் போனார். நாச்சியம்மை கிணற்றடியில் நின்று வாளிக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, கேட்டால் கோபிக்கக் கூடாது.”

“கேட்டுவிட்டுப் பாரும்.”

“நான்கு ஆண்டாக ஒன்று என்று எழுதுகிறீர்கள். அந்த ஒன்று ஏன் முடியவில்லை?”

நாச்சியம்மை முடிச்சை இழுத்துப் பார்த்தார். அது இறுகியிருந்தது.

“உமக்கு எத்தனை குறைகிறது தாண்டவரே?”

“ஒன்று.”

“என் சுவடியில் இன்னும் பன்னிரண்டு ஏடுதான் மிச்சம். எடுத்துக்கொள்ளும். முடித்தால் உம் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொள்ளலாம்.”

தாண்டவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. பன்னிரண்டு ஏடு! கஞ்சி ஆறுவதற்குள் முடித்துவிடுவார்.

“ஒன்று மட்டும்” என்றார் குரு. “நான் அதைச் சமையற்கட்டில் சடையனுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். நீரும் அவனுக்கே வாசியும். போதும், முடிந்தது என்று அவன் சொன்னால் முடிந்தது.”

“என் கேள்விக்குப் பதில்?”

“அதுவும் அங்கேதான் வேகிறது. போம்.”

சடையன் மடத்தின் சமையல்காரன். தூண் மாதிரி ஆள். குரல் மட்டும் குழந்தைக் குரல். எழுதப் படிக்கத் தெரியாது. மறுநாள் பண்டிகை அல்லவா, பச்சடிக்கு ஒரு கூடை மாங்காயை முன்னால் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தான். தாண்டவர் கையில் சுவடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணே! இன்னைக்கு நீங்களா? உக்காருங்க. நம்ம பொண்ணு எங்கே நிக்குதுன்னு தெரியுமில்ல?”

“எந்தப் பெண்?”

“படகோட்டி பொண்டாட்டிண்ணே. வெள்ளத்துல புருசன் படகோட போயிட்டான். அவனைத் தேடி ஆத்தங்கரையோட நடக்குறா.”

தாண்டவர் கயிற்றைத் தளர்த்தினார். அடையாளம் வைத்த இடத்தைப் புரட்டினார். வலது கால் தாளத்தைத் தொடங்கிவிட்டது.

“அவள் மூன்று நாள் நடந்தாள். நான்காம் நாள் விடியும்போது ஒரு வீடு தெரிந்தது. அவள் கதவைத் தட்டினாள். உள்ளே...”

“நில்லுங்கண்ணே.”

தாண்டவர் நிமிர்ந்தார்.

“மூணு நாள் நடந்தாளே, என்ன சாப்பிட்டா?”

“அது போடவில்லை.”

“புளிச்சோறு கட்டிக்கிட்டுத்தான் புறப்பட்டா. அந்த ஏட்டை அம்மா வாசிச்சாங்க. அதுக்கே நாங்க ஒரு மாசம் நின்னோம்.”

“ஒரு கட்டுச்சோற்றுக்கு ஒரு மாதமா?”

“பின்னே? எத்தனை நாள் தாங்கும்னு தெரிய வேணாமா? அதே மாதிரி கிளறி, வாழையிலையில கட்டி, அந்த உத்தரத்துல தொங்கவிட்டேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் வரைக்கும் தாங்குச்சு. மூணாம் நாள் அம்மா மோந்து பாத்துட்டு, ‘இதை அவள் தின்றிருக்க மாட்டாள் சடையா’ன்னாங்க. அப்போ மூணாம் நாள் அவ என்ன சாப்பிட்டா? அதான் கேக்குறேன்.”

“எழுதியிருப்பதை மட்டும் கேள், சடையா. எனக்கு நேரமில்லை.”

“எழுதியிருக்கிறதைத்தானேண்ணே கேக்குறேன்? மூணு நாள்னு எழுதியிருக்கில்ல?”

தாண்டவர் ஏட்டைப் பார்த்தார். எழுதியிருந்தது.

“ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்” என்று சட்டென்று சொன்னார். “போதுமா? நான்காம் நாள் விடியும்போது...”

“பசிச்சிருக்குமே!”

“பசிக்காது.”

அரிவாள்மணையில் சடையனின் கை நின்றது. “எப்படிச் சொல்றீங்க?”

“முதல் நாள் பசிக்கும். இரண்டாம் நாள் கோபம் வரும். மூன்றாம் நாள் பசி இருக்கும் இடமே தெரியாது. கால் மட்டும்தான் தெரியும். கால்கூட உன்னுடையது மாதிரி இருக்காது. யாரோ முன்னால் நடக்க, நீ பின்னால் போவது மாதிரி இருக்கும்.”

“நீங்க நடந்திருக்கீங்களா?”

“ஓர் ஐப்பசியில் பாலம் போய்விட்டது” என்றார் தாண்டவர். “பையைத் தலையில் கட்டிக்கொண்டு மலையைச் சுற்றி வந்தேன். மூன்று நாள். கடைசியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஒரே ஒரு கடிதம்.”

“அப்புறம்?”

“ஓர் அம்மாள் வந்தாள். கூழ் ஊற்றினாள். கடிதத்தை வாங்கிப் பிரித்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.”

“அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

“தெரியாது. அடுத்த ஊருக்குப் பை காத்திருந்தது. நான் ஓடிவிட்டேன்.”

மாங்காய்த் துண்டு ஒன்று உருண்டு தாண்டவரின் பாதத்தருகே வந்து நின்றது. அந்தப் பாதம் தாளம் போடவில்லை. எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

சடையன் ஒரு குவளை மோரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

“குடிங்கண்ணே. குடிச்சிட்டு அந்த இடத்தையே இன்னொரு தரம் வாசிங்க.”

தாண்டவர் மோரைக் குடித்தார். ஏட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அவள்... மூன்று நாள்... நடந்தாள். நான்காம் நாள் விடியும்போது ஒரு வீடு தெரிந்தது. அவள் கதவைத் தட்டினாள்.”

நிறுத்தினார். தானாகவே நிறுத்தினார்.

“என்னண்ணே?”

“தட்டியிருக்க மாட்டாள், சடையா.”

“ஏன்? எழுதியிருக்கே!”

“கையைத் தூக்க முடியாது. நான் தட்டவில்லை. கதவின்மேல் சாய்ந்தேன். என் எடைக்கு அது திறந்தது.”

சடையன் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து போய், சமையற்கட்டின் கதவின்மேல் அந்தப் பெரிய உடம்பைச் சாய்த்துப் பார்த்தான். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. தடுமாறி வெளியே போய், உரல்மேல் முட்டி, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

“சரிதாண்ணே! சாஞ்சாத்தான் இருக்கும்! உள்ளே இருந்தவ என்ன நெனச்சிருப்பா? காத்துன்னு நெனச்சிருப்பாளோ?”

“நாய் என்று நினைத்திருப்பாள். அந்த அம்மாள் கையில் கழியோடுதான் வந்தாள்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்குள் இருந்தவள் யார், அவளுக்குப் பிள்ளைகள் உண்டா, விடியற்காலையில் அவள் அடுப்பில் என்ன இருந்திருக்கும் என்று பேச்சு போனது. அடுப்பில் கேழ்வரகுக் கூழ்தான் என்றான் சடையன். ஆற்றங்கரையில் கேழ்வரகு ஏது, சோளம் என்றார் தாண்டவர். கூடை காலியாகிவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

மணி அடித்தது.

தாண்டவர் பதறிப்போய் வெளியே பார்த்தார். மாலை வெயில் மடத்து மதிலின்மேல் ஏறி நின்றது. மடியில் கிடந்த சுவடியைப் பார்த்தார். ஓர் ஏட்டின் ஒரு பக்கம் முடிந்திருந்தது.

கூடத்தில் சுண்ணாம்பு வாளி தயாராக இருந்தது. சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கையில் பிடித்தபடி மாசிலாமணி நின்றான்.

“என்ன ஓய், முடிந்ததா?”

தாண்டவர் காவிக்கட்டியை எடுத்தார். தொண்ணூற்றொன்பது கோடுகளுக்குப் பக்கத்தில், ஒரு விரல் இடம் காலியாக இருந்தது.

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினான். அவன் கேலிக்காரன்தான், கெட்டவன் அல்லன். “ஒரே ஒரு கோடுதானே? போட்டுவிடும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஓராண்டு ஓட்டம் வீணாகப் போக வேண்டாம்.”

சொன்னபடியே திரும்பிக்கொண்டான்.

தாண்டவரின் கை சுவரில் பட்டது. நெடுநேரம் அப்படியே இருந்தது. பிறகு காவிக்கட்டியைக் கீழே வைத்தார்.

“அடியும்” என்றார்.

“என்ன?”

“சுண்ணாம்பை அடியும். போதும் என்று சடையன் இன்னும் சொல்லவில்லை.”

மறுநாள் சித்திரை முதல் நாள். வேப்பம்பூ வாசனையோடு கூடம் நிறைந்திருந்தது. மாசிலாமணியின் இடுப்பில் சாவி கலகலத்தது. ஒரு தடவை கலகலத்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நடக்கும் போதெல்லாம் குலுக்கிக்கொண்டே நடந்தான்.

“ஓட்டக்காரரே, உமக்காகக் காலையிலேயே அறையைத் திறந்து வைத்திருக்கிறேன். பல்லி இரண்டாம் பாகம் வேண்டுமா?”

“வேண்டாம். கையில் இருப்பதே கனக்கிறது.”

ஒவ்வொருவராகப் போய் எண்ணை எழுதினார்கள். பதினைந்து. இருபது. மாசிலாமணி துணிந்து இருபத்தைந்து போட்டான். தாண்டவர் எழுந்ததும் கூடம் அமைதியானது. நூற்றுப் பத்து என்றார் ஒருவர். நூற்றெட்டு என்று இன்னொருவர் பந்தயம் கட்டினார்.

தாண்டவர் தம் பெயரை நிதானமாக எழுதினார். பக்கத்தில் எழுதியதை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

‘பதினொன்றரை ஏடு.’

சுவரே இடிந்துவிடும் போலச் சிரிப்பு எழுந்தது. தாண்டவரும் அதில் சேர்ந்துகொண்டார்.

சிரிப்பு அடங்கும்வரை நாச்சியம்மை காத்திருந்தார். பிறகு சுவரருகே வந்து அந்த எண்ணை ஒரு முறை படித்தார். புருவம் மெல்ல உயர்ந்தது.

“ஓராண்டில் பதினொன்றரையா?” என்றார். “சடையனைக் கேட்டீரா, தாண்டவரே?”